ஒன்றின் மேல் பித்தாகிப் போனவர்களும் அவர்களுடைய வீடுகளும்

#1 வெள்ளவத்தை வாசகன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு காரியத்துக்குத் தன்னையே கொடுத்துவிடுகிறவர்களைப் பற்றி இங்கே கதைக்க வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். நினைக்க வைத்தவர் விபுலாநந்த அடிகள்.

1892இல் காரைதீவில் பிறந்தவர். விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், பிறகு இராமகிருஷ்ண மிஷன் துறவி. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அப்போது பல்கலைக்கழகம் இங்கே கொழும்பில்தான் இருந்தது. பள்ளிக்கூடங்களை நடத்தினார், பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தார். இவ்வளவுக்கும் நடுவில் ஏறத்தாழ 14 வருடங்கள் அவரைப் பிடித்து ஆட்டியது யாழ். அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, பழைய கருவி ஒன்றும் மிஞ்சவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் தன் கணித அறிவையும் வைத்துக்கொண்டு அந்த நரம்புகளின் சுருதியைத் தேடினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமானார்.

சி. வை. தாமோதரம்பிள்ளையும் அப்படித்தான். தொட்டால் உதிரும் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். "எதிலும் அளவோடு இரு" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அளவோடு இருந்தவர்கள் இந்த வேலைகளைச் செய்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் இதே வெள்ளவத்தையில், ஒருவருக்கு ஒன்றின் மேல் வந்த பித்தினால் குடும்பத்தின் வீடு கைமாறியதையும் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே சாமானா, வேறு வேறா? உங்கள் அனுபவத்தை வைத்து எழுதுங்கள்.

#2 மருதானை நானா

வாசகன் அண்ணன், நான் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவன். புத்தகம் கொஞ்சம், கிரிக்கெட் நிறைய. இந்தப் பேச்சு வந்தால் எனக்கு எங்கள் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன், எங்கள் முரளிதான் ஞாபகம் வரும்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயார் முரளியின் பந்துகளை நோபோல் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 23 வயதுப் பெடியன், உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, "நீ பந்தை எறிகிறாய்" என்கிறார்கள். வேறு யாராவது என்றால் அன்றைக்கே உடைந்திருப்பார்கள். பிறகு ஆய்வுகூடத்தில் கையை அளந்தார்கள்; முழங்கை பிறப்பிலிருந்தே முழுதாக நிமிராது என்று தெரிந்தது. அதன் பிறகும் கூச்சல் நிற்கவில்லை. அவர் போட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய முடிவு. 2010 ஜூலை, காலி மைதானம், இந்தியாவுடன் மூன்று டெஸ்ட். கையில் 792 விக்கெட். முதல் டெஸ்டோடு போகிறேன் என்று முன்னமே அறிவித்துவிட்டார். மிச்சம் இரண்டையும் விளையாடியிருந்தால் 800 தானாக வந்திருக்கும். கிடைத்தாலும் போகிறேன், கிடைக்காவிட்டாலும் போகிறேன் என்றுதான் இறங்கினார். ஏழு கிடைத்தது. எட்டாவது வர மறுத்தது. கடைசியாக ஓஜா, ஸ்லிப்பில் மஹேல பிடித்தார். அந்தப் பந்தோடு முடிந்தது.

அவ்வளவு பிடித்த ஒன்றைக் கீழே வைக்கத் தெரிந்த மனுசன். என் கணக்கில் அதுதான் அளவுகோல்.

#3 நாடகக்காரர் வீடு

வாசகன் அண்ணா, நானா, இரண்டு பேரும் எழுதியதை ஆசையாக வாசித்தேன். ஆனால் இரண்டு கதையிலும் சமையலறை வரவே இல்லை. அடிகள் துறவி, அவருக்காக அடுப்பில் உலை வைத்துவிட்டுக் காத்திருந்தவர் யாரும் இல்லை. முரளி எங்கள் வீடுகளைப் போல மாதக் கடைசியை எண்ணியவர் இல்லை.

என் கணவர் நாடகக்காரர். பகலில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை, மாலையில் ஒத்திகை. கொழும்பில் தமிழ் நாடகம் போட்டுக் காசு கண்டவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மண்டப வாடகை, வெளிச்சம், ஒலி, பெடியன்களுக்குச் சாப்பாடு, ஆட்டோ. ஒரு வருடம் மண்டபத்துக்கு முற்பணம் கட்ட என் தாலிக்கொடி அல்லாத மற்றச் சங்கிலி அடகுக்குப் போனது. அது போனதே எனக்கு, மகளின் பாடசாலைச் சேர்ட்டுக்கு அலுமாரியில் காசு தேடிய அன்றைக்குத்தான் தெரியும்.

இதை வாசித்துவிட்டு அவரைத் திட்ட வேண்டாம். அவர் மேடையில் நிற்கும்போது எனக்கு அவர் மேல் இன்னும் அன்பு கூடும். குரல் மாறும், முதுகு நிமிரும், வீட்டில் ஒருநாளும் காணாத ஒரு ஆள் அங்கே நிற்பார். அந்த ஆள் செத்துப்போக வேண்டும் என்று நான் ஒருபோதும் விரும்பியதில்லை. என் கவலை ஒன்றே ஒன்று. பித்து அவருடையது. அதற்கான காசில் பாதியை நானும் மகளும் கொடுத்தோம், எங்களை யாரும் கேட்கவில்லை.

#4 சுருதிப்பெட்டி

வணக்கம். நான் உயர்தரம் இரண்டாம் வருடம், உயிரியல் பிரிவு. கொட்டாஞ்சேனை. ஒன்பது வயதில் இருந்து வயலின் படிக்கிறேன். ரியூஷனில் இருக்கும்போதும் கை மேசையில் தாளம் போடுகிறது. பௌதிகவியல் புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. வயலினை எடுத்தால் இரவு இரண்டு மணி ஆவது தெரியாது.

உயர்தரத்தை இப்போதே விட்டுவிட்டு முழு நேரமும் சங்கீதத்தில் இறங்க நினைக்கிறேன். அப்பா ஆட்டோ ஓடித்தான் எங்களைப் படிப்பிக்கிறார். ரியூஷன் காசு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே பெரியவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

#5 மருந்தகத்துப் பெண்

தம்பி சுருதிப்பெட்டி, உனக்குப் பதில் எழுத முன்னம் வாசகன் ஐயாவின் "ஒரே சாமானா வேறு வேறா" என்ற கேள்விக்கு வருகிறேன். என் தொழிலில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பார்க்கின்சன் நோய் இருக்கிறதல்லவா, கை நடுங்கும், நடை குறுகும். மூளையில் டோப்பமின் சுரக்கும் கலங்கள் அழிவதால் வருவது. டோப்பமின் போல வேலை செய்யும் மாத்திரைகள் கொடுப்பார்கள், பிரமிபெக்சோல் அதில் ஒன்று. அதை எடுப்பவர்களில் சிலருக்கு, வாழ்க்கையில் ஒருநாளும் சீட்டைத் தொடாதவர்களுக்கு, திடீரென்று சூதாட்ட ஆசை பிடிக்கும். சிலர் கண்டதையும் வாங்கிக் குவிப்பார்கள். சிலருக்குக் காம இச்சை கட்டுக்கடங்காமல் போகும். வைத்தியர் மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அது அடங்கும். ஒழுக்கமாக வாழ்ந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மாத்திரையால் கடனாளி ஆகலாம் என்றால், "மனதைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன்" என்று நாங்கள் தூக்கிப்போடும் தீர்ப்பை ஒருமுறை நிறுத்தி யோசிக்க வேண்டும். (வீட்டில் யாராவது இந்த மருந்து எடுத்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். வைத்தியரிடம் சொல்லுங்கள்.)

இன்னொன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிஜ் என்பவர் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி. டோப்பமின் இல்லாமல் செய்த எலியின் வாயில் சீனித் தண்ணீர் விட்டால் அது ருசித்து நாக்கை நக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டைத் தேடி எழும்பிப் போகாது, பட்டினி கிடக்கும். ருசி ஒரு பாதையில் ஓடுகிறது, தேடல் இன்னொரு பாதையில் ஓடுகிறது. மனிதரிலும் இந்த இரண்டும் பிரிந்து போகலாம். ஒரு காலத்தில் ருசித்ததை இப்போது ருசியே இல்லாமல் துரத்திக்கொண்டிருப்பார்கள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

#6 மருதானை நானா

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வாசித்து அப்படியே இருந்துவிட்டேன்.

என் மூத்த காக்கா (அண்ணன்) குதிரைப் பந்தயம் கட்டும் ரேஸ் புக்கிக்குப் போனவர். கொழும்பில் தெரியாதவர்கள் இல்லை: சின்ன அறை, சுவரில் டிவி, இங்கிலாந்தில் எங்கேயோ ஓடும் குதிரைக்கு இங்கே இருந்து காசு. அவர் வாழ்க்கையில் ஒரு குதிரையைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை. முதல் வருடம் வென்ற கதைகளைச் சொல்லிச் சிரிப்பார், பிள்ளைகளுக்கு வட்டிலப்பம் வாங்கிக்கொண்டு வருவார். பிறகு சிரிப்பு நின்றது. போவது நிற்கவில்லை. வென்ற நாளிலும் முகத்தில் ஒன்றும் இருக்காது, அந்தக் காசு மறுநாள் திரும்ப அங்கேயே போகும். ருசி போய்த் தேடல் மட்டும் மிஞ்சிய ஆளை நான் பக்கத்துப் பாயில் படுத்துப் பார்த்திருக்கிறேன்.

உம்மாவின் வளையல்கள் போயின. கடையில் அவருடைய பங்கு போனது. இப்போது அல்ஹம்துலில்லாஹ் வெளியே வந்துவிட்டார். நோன்பு மாதத்தில்தான் தொடங்கியது. பகலில் பசியைத் தாங்க முடிகிற எனக்கு இதைத் தாங்க முடியவில்லையே என்று இஃப்தார் நேரத்தில் அழுதார். பிறகு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். தனியாக யாரும் வெளியே வருவது கஷ்டம்.

#7 மருந்தகத்துப் பெண்

நானா, காக்காவை வைத்தியரிடம் கூட்டிப் போனதற்கு உங்களுக்கு என் வணக்கம். நிறையக் குடும்பங்கள் முதலில் கடனை அடைக்கும், பிறகு மறைக்கும், கடைசியில்தான் வைத்தியரிடம் வரும். வாசிக்கிறவர்களுக்கு: தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தமிழிலும் கதைக்கலாம். இப்போது புக்கிக்கு நடந்து போகவும் தேவை இல்லை, போனில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுகளுக்கு அடிமையாவதையும் நோயாகச் சேர்த்திருக்கிறது.

#8 சலங்கை

நான் பம்பலப்பிட்டியில் பரதம் சொல்லிக் கொடுப்பவள். தம்பி சுருதிப்பெட்டிக்காகத்தான் உள்ளே வந்தேன். அவசரப்படாதே, உன்னிடம் வருகிறேன்.

மொன்றியலில் ரொபேர்ட் வலராண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2003இல் ஒரு கருத்தை வைத்தார்கள். ஒன்றின் மேல் உள்ள பற்று இரண்டு விதமாக ஒருவருக்குள் குடியேறும். ஒரு விதத்தில் அது வாழ்க்கையின் மற்ற அறைகளோடு சேர்ந்து இருக்கும், வேண்டும் என்றால் இறக்கி வைக்கலாம். மற்ற விதத்தில் அதைச் செய்யாவிட்டால் தானே இல்லை என்று ஆகிவிடும். தன் மதிப்பு முழுவதும் அதில் தொங்கும். மணி கணக்கைப் பார்த்து எது எது என்று கண்டுபிடிக்க முடியாது, இரண்டு பேரும் ஒரே அளவு உழைப்பார்கள். 2006இல் இதை நடன மாணவர்களிடம் பார்த்தார்கள். இரண்டாம் வகையினர் காயத்தோடும் ஆடினார்கள், காயம் நீண்ட நாள் இழுத்தது. முதல் வகையினர் காயம் என்றால் நிறுத்தினார்கள், உடம்பைப் பார்த்தார்கள்.

இது என் வகுப்பறையில் நான் தினமும் காண்பது. அரைமண்டியில் (முழங்காலை மடக்கிப் பாதி இருந்து ஆடும் நிலை) முழங்கால் வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளையைப் பற்றி நான் பயப்படுவதில்லை. வலியை மறைக்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அரங்கேற்றத்துக்குத் திகதி குறித்து, மண்டபம் எடுத்து, பட்டுப் புடவை தைத்த பிறகு எந்தப் பிள்ளைதான் வாய் திறக்கும்? சில வீடுகளில் ஆசை பிள்ளையுடையதே இல்லை, அம்மாவுடையது. வலி மட்டும்தான் பிள்ளையுடையது. நாடகக்காரர் வீட்டு அக்கா, நீங்கள் கேட்டதையே நான் இந்தத் தாய்மாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

#9 கறுப்புக்கோட்டு

புதுக்கடை நீதிமன்றத்தில் இருந்து ஒரு குரல். இதுவரை ஒரு மனிதருக்குள் இருப்பதையே கதைக்கிறோம். கூட்டத்துக்குள் வருவதையும் கதைக்க வேண்டும்.

முதலில் சட்டம். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுடையது. அதன் 294ஆம் பிரிவில் கொலையை வரையறுத்துவிட்டு, முதல் விதிவிலக்காக ஒன்றைச் சொல்கிறது: கடுமையான, சடுதியான ஆத்திரமூட்டலால் தன்னைக் கட்டுப்படுத்தும் சக்தியை இழந்து ஒருவர் கொன்றால், அது கொலைக்குற்றத்தில் இருந்து ஒரு படி இறங்கும். மனுசன் உணர்ச்சியால் அடிபட்டுப் போகக்கூடியவன் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. ஆனால் வாசல் குறுகலானது. ஆத்திரம் தணிய நேரம் இருந்ததா, கத்தியை எங்கே இருந்து எடுத்தான், வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தானா? இதெல்லாம் கேட்கப்படும். நடந்துபோய்க் கத்தி எடுத்தவனுக்கு அந்த வாசல் பெரும்பாலும் திறக்காது.

இதை வைத்துக்கொண்டு 1983 ஜூலைக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் 13 இராணுவத்தினர் இறந்தது 23ஆம் திகதி இரவு. 24ஆம் திகதி பொரளைக் கனத்தை மயானத்தில் இறுதிச் சடங்குக்குக் கூட்டம் கூடியது. தமிழருக்கு எதிரான வன்முறை அங்கே இருந்து தொடங்கியது. "மக்களின் ஆவேசம்" என்று அப்போது சொன்னார்கள், இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். வாக்காளர் இடாப்பை (பட்டியலை) கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள் என்று எத்தனை பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்! இடாப்பைப் பார்த்து இலக்கம் தேடுகிறவனுக்கு எங்கே ஆவேசம்? கூட்டத்தில் கத்தியவர்களுக்கு வெறி இருந்திருக்கலாம். இடாப்பைக் கொடுத்தவருடைய நெஞ்சு குளிர்ந்தே இருந்தது.

அதனால்தான் "உணர்ச்சி ஆபத்தானது" என்று மொட்டையாகச் சொல்லும்போது எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய அநியாயங்களில் ஒருவருடைய சூட்டை இன்னொருவர் ஆறுதலாக இருந்து கணக்குப் பார்த்துப் பாவிக்கிறார். பிறகு பழி முழுவதும் சூட்டின் மேல் போகிறது.

#10 தெமட்டகொடைப் பழையவர்

சட்டத்தரணி தம்பி சொன்னது சரி. அப்போது எனக்கு 19 வயது. எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்களில் முன்னால் வந்த ஆளிடம் கடதாசி இருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற சின்னப் பெடியன்களின் முகமும் ஞாபகம் இருக்கிறது; அவர்கள் வேறு மாதிரி, கண் சிவந்து, எதையும் காணாதவர்கள் போல. கடதாசிக்காரர் எங்கள் வீட்டு இலக்கத்தை அமைதியாக வாசித்தார்.

எங்களை மூன்று நாள் வைத்திருந்தது பின்வீட்டுச் சிங்கள அம்மா. அவர் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. சோறு போட்டார், கதவைப் பூட்டினார், கேட்டவர்களுக்கு இல்லை என்றார். அந்த மனுசிக்குள் எவ்வளவு பயமும் எவ்வளவு பிடிவாதமும் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வலிமையான உணர்ச்சி என்றால் சத்தம் போடும் என்று நினைக்க வேண்டாம்.

#11 வெள்ளவத்தை வாசகன்

ஐயா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. என் தொடக்கப் பதிவில் சாதனையையும் வீழ்ச்சியையும் மட்டும் இரண்டு பக்கமாக வைத்தேன். நீங்களும் கறுப்புக்கோட்டும் மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

நாடகக்காரர் வீட்டு அக்கா எழுதியதற்கும் இதற்கும் ஒரு தொடர்பு எனக்குத் தெரிகிறது. மேடைக்கும் சரி, புக்கிக்கும் சரி, 83க்கும் சரி, "யாருடைய ஆசை, யாருடைய செலவு" என்று கேட்டால் விஷயம் வெளிச்சமாகிறது. எவ்வளவு தீவிரம் என்று அளந்து பார்ப்பதில் பிரயோசனம் குறைவு. அடிகளின் தீவிரமும் காக்காவின் தீவிரமும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே அளவு. அடிகள் செலவழித்தது தன் உடம்பை.

#12 ஹட்டன் பிள்ளை

நான் கொழும்புக்கு வேலைக்கு வந்தவள், புறக்கோட்டையில் ஒரு கடையில் பில் போடுகிறேன். இப்படிப் பெரிய பேச்சில் எழுதத் தயக்கம், ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது என்று தோன்றியது.

மாசி மாதம் எங்கள் பக்கம் காமன் கூத்து நடக்கும். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம். தவத்தில் இருக்கிற சிவனின் மேல் காமன் அம்பு விடுவான், சிவன் நெற்றிக்கண்ணால் எரித்துவிடுவார். பிறகு ரதி அழுவாள். அந்த ஒப்பாரியைக் கேட்டுக் கொழுந்து மலையில் ஒரு கண்ணும் காயாது. கடைசியில் காமன் எழும்புவான். ஆசையை எரித்துச் சாம்பலாக்கிவிட்டு அதுதான் சரி என்று எங்கள் கூத்து முடிவதில்லை. திரும்ப வா என்று ஊரே கேட்கிறது.

என் அப்பா ரதி வேஷம் கட்டுவார். எங்களிடம் ஆண்கள்தான் ரதி. கம்பம் ஊன்றிய நாளில் இருந்து விரதம். மாமிசம் இல்லை, சாராயம் இல்லை, தனியாகப் படுப்பார். பகலில் கவ்வாத்து வெட்டப் போவார், இரவில் தப்புச் சத்தத்துக்கு லயம் லயமாக (லயம் என்பது நாங்கள் இருக்கும் வரிசை வீடுகள்) ஆடிக்கொண்டு போவார். வருசம் முழுவதும் துரையின் முன்னால் குனிந்து நிற்கிற அதே ஆள். அந்த இரவுகளில் அவரைத் தொடவே பயமாக இருக்கும், அவ்வளவு அழகு.

செலவைப் பற்றிச் சொல்கிறேன், அக்கா கேட்டதால். எந்த வீட்டு நகையும் அடகு போனதில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லா லயத்திலும் காசு சேர்ப்பார்கள், அரிசி கொடுப்பார்கள். கம்பம் ஊன்றும் நாள் இருக்கிறது, எரிக்கும் நாள் இருக்கிறது. முடிந்ததும் வேஷம் கழற்றிப் பெட்டிக்குள் போகும், அடுத்த மாசிக்குத்தான் திறக்கும். ஊர் சேர்ந்து தாங்கியது, அதனால் எங்கள் வீடு மட்டும் தனியாகத் தாங்க வேண்டி வரவில்லை.

ஒன்று மட்டும் கோபமாகவே சொல்கிறேன். "மனதுக்குப் பிடித்ததைச் செய்" என்று மேடையில் பேசுகிறவர்கள், கொழுந்து நிறுக்கிற தராசுக்கு முன்னால் நிற்கிறவளிடம் வந்து அதைச் சொல்லட்டும். என் அம்மாவுக்கும் குரல் இருந்தது, ஆசை இருந்தது. அவருக்கு யாரும் வேஷம் கொடுக்கவில்லை.

#13 கறுப்புக்கோட்டு

பிள்ளை, தயங்காமல் எழுதுங்கள். இந்த இழையில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது உங்கள் பதிவுதான்.

செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல் விழா ஊர்வலமும் ஞாபகம் வந்தது. காவடி எடுப்பவர்களைச் சின்ன வயதில் காலி வீதி ஓரத்தில் நின்று பார்ப்பேன். ஆவேசம் வரும். முன்னால் விரதமும் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆட்களும் இருப்பார்கள், கோயில் வாசலில் இறக்கி வைப்பார்கள்.

#14 நாடகக்காரர் வீடு

ஹட்டன் தங்கச்சி, உங்கள் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்தி வந்தபோது வாசிக்க முடியாமல் நிறுத்தினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "எங்களுக்கு லயம் இல்லை" என்றார். உண்மைதான். கொழும்பில் அடுக்குமாடியில் பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார் என்றே தெரியாது. காசு சேர்த்துத் தாங்க ஊர் இல்லாத இடத்தில் ஒரு கலைஞன் தன் வீட்டைத்தான் ஊராக்குகிறான்.

அதற்காகச் சங்கிலியை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. சலங்கை அக்கா சொன்ன இரண்டு வகையில் அவர் எது என்று கேட்டேன். "நாடகம் இல்லாவிட்டால் நான் யார்" என்று கேட்டார். அது பதிலா கேள்வியா என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக ஒரு ஏற்பாடு இருக்கிறது: நாடகக் கணக்குக் கொப்பி என்னிடம், முற்பணத்துக்கு நானும் கையெழுத்து வைக்க வேண்டும். போன வருடம் ஒரு நாடகத்துக்கு நான் வைக்கவில்லை. மூன்று மாதம் வீட்டில் பேச்சு இல்லை. நாங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறோம்.

#15 சுருதிப்பெட்டி

எல்லாவற்றையும் வாசித்தேன். நேற்றிரவு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "ரியூஷன் காசை இனிக் கட்டவா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு நாள் வயலினைத் தொடாமல் இருந்து பார்த்தேன், சலங்கை அக்கா சொன்னது எனக்குள் எது என்று அறிய. கஷ்டமாக இருந்தது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை.

#16 சலங்கை

தம்பி, ஒரு நாள் கஷ்டமாக இருந்ததை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதே. ஆசை உள்ள எவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். வாசிக்கும்போது உனக்குச் சந்தோஷம் இருக்கிறதா என்று பார், மருந்தகத்துத் தங்கச்சி சொன்ன ருசி. நன்றாக வராத நாளிலும் அந்த ருசி இருக்கிறதா? பௌதிகவியலில் இருந்து ஓடுவதற்காக வயலினுக்குள் ஒளிக்கிறாயா? அதை உன்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

இனி நடைமுறை. உயர்தரத்தை விடாதே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பக்கம் போவதென்றாலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போவதென்றாலும் உயர்தரச் சித்தி வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் அனுமதிக் கைநூல் வெளியிடும். சங்கீதக் கற்கைக்கு என்ன பாடங்கள் கேட்கிறார்கள், உளச்சார்புப் பரீட்சை எப்படி என்று அதில் பார். உன் பாடங்கள் பொருந்தாவிட்டால் பிரிவை மாற்றி இன்னொரு முறை எழுதலாம். அதற்கு ஒரு வருடம் கூடப் பிடிக்கும். அந்த வருடத்தின் செலவை அப்பாவோடு இருந்து கடதாசியில் எழுது. ரியூஷன் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்து அதில் ஒரு பங்கை நீயே கொண்டுவர முடியும். வெள்ளவத்தையில் அதற்கு ஆள் தேடுகிற வீடுகள் நிறைய.

உன் வாசிப்பைக் கேட்காமல் அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தனிமடலில் முகவரி அனுப்புகிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிய வா. எனக்குத் தெரிந்த வயலின் ஆசிரியர் ஒருவரையும் வரச் சொல்கிறேன். அப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, அவர் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும்.